ஆறும் ஏழும்

சனிக்கிழமை. பெண்டில் ஹில் பள்ளிக்கூட வாசலில்
எட்டு மணிக்கே வரிசை.
சிவப்புச் சட்டை ஒரு தாளை நீட்டுகிறது,
நீலச் சட்டை ஒரு தாளை நீட்டுகிறது.
இரண்டு தாளிலும் அதே வீடு:
ஓட்டுக்கூரை, புல்வெளி, முன்னால் சிரிக்கும் நாலு பேர்,
ஒருவருக்கும் இரவு வேலை இல்லாத முகம்.

நான் முதியோர் இல்லத்து இரவு வேலை முடிந்து
நேரே வந்தவள். சீருடைக்கு மேல் அவருடைய ஜாக்கெட்.
பதினொன்றேகாலுக்கு டூங்காபியில் ஒரு வீடு பார்க்க வேண்டும்,
பதினைந்து நிமிடந்தான் திறந்திருக்கும்.
எல்லாச் சனிக்கிழமையும் நான் வரிசையில் நிற்கிறவள்தான்.
இன்றைக்கு இரண்டு வரிசை.
போடாவிட்டால் தண்டப்பணம்.
போட்டால் பாணுக்குள் ஒரு சொசேஜ், அதுவும் காசுக்கு.

மேசைக்காரர் அடிமட்டம் வைத்துத் தேடினார்.
முழுப் பெயர்?
குணரத்தினம் பத்மலோஜினி.
அடிமட்டம் இரண்டு பக்கம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.
எங்கே வசிக்கிறீர்கள்?

பர்னெட் தெரு, பதினேழாம் இலக்கம் என்றேன்.
பதிவில் அப்படித்தான் இருக்கிறது.
அந்த வீடு இப்போது இல்லை.
உரிமைக்காரர் விற்றார், வாங்கினவர் இடித்தார்,
ஒன்று நின்ற இடத்தில் இரண்டு நிற்கிறது,
இரண்டில் எதுவும் எனக்கு எட்டாது.
அதற்குப் பிறகு மூன்று வீடு மாறியாயிற்று.
ஒவ்வொரு தடவையும் விலாசம் மாற்ற நினைத்துப்
பெட்டி கட்டுகிற அவதியில் மறந்து போனேன்.
இல்லாத வீட்டில் இருக்கிறவளின் பெயரை
அவர் கவனமாகக் கோடிட்டார்.

இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீர்களா?
இந்தத் தேர்தலில் இல்லை, ஐயா.
இதே வாக்குறுதிக்கு நாலு தடவை.
சொல்லவில்லை. தலையாட்டினேன்.

அட்டையால் செய்த அறை,
மூன்று பக்கம் சுவர், கூரை கிடையாது.
வாரம் எவ்வளவென்று கேட்க வாய் வந்தது.
பென்சிலைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள்.
மாலை ஆறு மணி வரைக்கும்
அதை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஊரில் என்றால் ஒரு புள்ளடி.
கோபத்தை ஓரிடத்தில் இறக்கிவிட்டு வரலாம்.
இங்கே ஏழு பெயருக்கும் இலக்கமிட வேண்டும்.
கூட வேலை செய்யும் மெரேசியானா சொல்லித் தந்தது:
பிடிக்காததைக் கடைசிக்கு வை, மிச்சத்துக்குக் கை தானாய் ஓடும்.
ஒன்றை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன்,
அவள் தாளில் வீட்டுப் படம் இல்லை, அதற்காக.
இரண்டு மூன்று நாலு ஐந்து.
மிச்சம் சிவப்பும் நீலமும்.

ஒருவர் வாடகையைப் பார்க்க ஒரு குழு அமைத்தார்.
மற்றவர் அந்தக் குழு தூங்குகிறது என்று கத்தி
வந்து அதற்குப் பெயர் மாற்றினார்.
அதற்குள் அறுநூற்றிருபது எழுநூற்றறுபது ஆயிற்று,
இரண்டே இரண்டு கடிதத்தில்.
இருவருக்கும், வாடகை மாதிரியே,
தவணை தவறாமல் வாக்குக் கட்டியிருக்கிறேன்.

என் ஒன்று முதலில் விழும், பிறகு இரண்டு விழும்,
கைமாறிக் கைமாறி என் வாக்கு வந்து படுப்பது
ஆறாம் இலக்கத்தின் மடியில்தான்.
தெரியும். தெரிந்துதான் அவ்வளவு நேரம் நின்றேன்.
எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்பார்கள்.
இங்கே கொள்ளிக்கு இலக்கமும் போட வேண்டும்.
பின்னால் யாரோ செருமினார்.
போட்டேன்.
எதற்கு எது என்று அவரிடமும் சொல்லவில்லை, வெட்கம்.

டூங்காபியில் வரிசை வேலியைச் சுற்றி
அடுத்த வீட்டுக் குப்பைத்தொட்டி வரை.
கடைசியில் நின்ற பெடியன் கழுத்து வரை ஜிப் இழுத்திருந்தான்,
மேலே ஒரு விரற்கடை சிவப்புக் கொலர்.
காலையில் எனக்குத் தாள் தந்தவன்.
என்னைக் கண்டான், கண்ணை விலக்கினான்,
பிறகு கொஞ்சம் தள்ளி இடம் விட்டான்.
பையில் மீந்த தாள்கள், அந்த ஓட்டுக்கூரை, அந்தப் புல்வெளி.

எத்தனை பேர் முன்னால் என்று கேட்டேன்.
எட்டி எட்டி எண்ணினான்.
நான் முப்பத்தொன்று, என்றான்.
நீங்கள் முப்பத்திரண்டு.